மேப்பிளுக்குக் குளிர்காலம்

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். நானும் அதற்குக் கட்டுப்பட்டு நிறைய எழுதிவிட்டேன். கார் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டியது, முதல் வருடம் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதது எல்லாம் ஆகிவிட்டது. இந்த முறை எழுதப் போவது மட்டாஞ்சேரியில், என் தம்பி வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. ஊருக்கு வந்த இடத்தில் நான் பட்ட அதிர்ச்சிகளை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: நான் பிறந்தது மலையாளக் கரையோர மட்டாஞ்சேரி. அப்பா நகரசபையில் தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்த்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சினிமாக் கொட்டகையில் இரண்டும். கல்யாணமாகிக் கனடா போய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வான்கூவர் பக்கத்தில் பர்னபி என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு வேலை. கணவர் பஸ் ஓட்டுகிறார். ஒரே பிள்ளை நவீன்.

அந்த ஒரே பிள்ளை போன வருடம் மட்டாஞ்சேரிக்கு வந்தான். இங்கே நடந்த ஒரு பெரிய கலைக் கண்காட்சியில் ஆணி அடிக்க, ஏணி தூக்க ஆள் வேண்டும் என்றார்களாம். மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பினான். இந்த வருடம் மறுபடி வந்தவன் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் வேலை எங்கிருந்து செய்தாலும் ஒன்றுதான் என்றான். தொலைபேசியில் நாளுக்கு நாள் பேச்சு குறைந்தது. மே மாதம் நான் லீவு போட்டு, அவனைக் கையோடு கூட்டிப் போவதற்காகவே கிளம்பினேன். "சண்டை போடாம பேசிக் கூட்டிக்கிட்டு வா" என்று கணவர் சொல்லி அனுப்பினார். எனக்கு அந்த இரண்டையும் பிரித்துச் செய்யத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

தம்பி மணியின் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. மாடியில் ஒற்றை அறை, அதில் என் பிள்ளை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக மாடி ஏறினேன். மொட்டை மாடியில் காலை வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. சிமெண்ட் தொட்டியில் ஒரு மேப்பிள் மரம் நின்றது.

எங்கள் பர்னபி வீட்டு வாசலில் நிற்பதே இந்த ஜப்பான் மேப்பிள்தான். குழந்தை விரலை விரித்த மாதிரி சின்னச் சின்ன இலை. நவீன் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் நான் நட்டது. அங்கே தெருவுக்கு நாலு வீட்டில் அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள். ஆனால் மட்டாஞ்சேரி வெயிலில், பக்கத்து வீட்டுத் தகரக் கூரையின் அனல் முகத்தில் அடிக்கிற இடத்தில் அதைப் பார்த்தபோது, கடலில் ஒட்டகத்தைப் பார்த்தது போல இருந்தது. இடுப்பளவு உயரம். இலைகளின் ஓரமெல்லாம் அடுப்பில் கருகிய அப்பளமாகச் சுருண்டிருந்தது. பாதிக் கிளைகள் மொட்டை. கிட்டே போய் முகர்ந்தால் மீன் வாடை.

ஊட்டிப் பக்கம் நண்பர்களோடு போனபோது ஒரு நர்சரியில் வாங்கினானாம். ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம். அதைக் கேட்டதும் என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பையனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மரத்தை வாங்கி வைத்திருக்கிறான், இனி என் வேலை சுலபம் என்று நினைத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

2

மறுநாளிலிருந்து அதிர்ச்சிகள் வரிசையாக வர ஆரம்பித்தன.

முதலாவது, என் பிள்ளையின் வாய். பர்னபியில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் வயிற்றுவலி என்பவன். இங்கே சந்து முனைக் கடையில் நின்றுகொண்டு, "இக்கா, ஒரு சாயா, மதுரம் கொறச்சு" என்று சர்க்கரை குறைத்து டீ கேட்கிறான். கடைக்காரர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நேற்றைய ஆட்டத்தைப் பற்றி விசாரிக்கிறார். சாயங்காலம் வெளி மைதானத்தில் பந்து விளையாடுகிறானாம்.

இரண்டாவது, என் வாய். படகு ஜெட்டியிலிருந்து வரும்போது ஒரு ஆட்டோவை நிறுத்தி, நான் மலையாளத்தில்தான் இடம் சொன்னேன். ஓட்டுநர் என் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், இங்கிலீஷில் ஒரு தொகை சொன்னார். நான் இந்த ஊர்க்காரி என்று மலையாளத்திலேயே மறுபடி சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அரண்மனையும் பார்க்க வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டார். பின்னால் வந்த நவீன் இரண்டு வார்த்தை பேசினான், தொகை பாதியானது. வீடு வரும்வரை நான் வெளியே பார்த்தபடியே வந்தேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

மீன் வாடைக்கான காரணம் அன்று மத்தியானமே தெரிந்தது. தம்பி மனைவி ரமணி மீன் கழுவிய தண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். இந்த ஊரில் அது வழக்கம். மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினால் பாவம் என்பதுபோல், கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றுவார்கள். அதுகளும் வாங்கிக் குடித்துவிட்டுத் தளதளவென்று நிற்கும். மேப்பிளுக்கும் அதே உபசாரம் மூன்று மாதமாக நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பங்கையும் கொடுத்தனுப்புவார்களாம். போதாததற்கு மற்ற நேரத்தில் கிணற்றுத் தண்ணீர். மட்டாஞ்சேரிக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்லத் தேவையில்லை.

நவீனைப் பிடித்து உலுக்கினேன். அவன் சிரித்தான். "அத்தை ஸ்நேகத்துல ஊத்துறாங்கம்மா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

பர்னபியில் நான் ஆசையாகக் கட்டிக் கொடுத்த டிபனைப் பள்ளிக்கூடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டவன் இவன். மாமா வீட்டு அத்தையின் மனம் கோணக்கூடாது என்று மரத்தையே காவு கொடுக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது.

3

மரத்துக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். அது பிழைக்காமல் இருப்பதே என் கட்சிக்கு நல்லது என்று மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. "பாத்தியா, இது இந்த ஊருக்கானது இல்ல" என்று சொல்லிப் பையனைக் கிளப்பிவிடலாம். ஆனால் கண்ணெதிரே ஒரு செடி காய்ந்துகொண்டிருந்தால் என் கை சும்மா இருக்காது.

நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தது. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த நுனிகளைப் பச்சை தெரிகிற இடம்வரை வெட்டினேன். தொட்டியைக் கவிழ்த்துப் பழைய மண்ணை உதறினால், அடியிலிருந்த ஓட்டையை ஒரு மத்தி மீன் செதில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டையைத் திறந்து, செங்கல் துண்டு போட்டு, தேங்காய் நார்த் தூளும் புது மண்ணும் கலந்து நிரப்பினேன். மேற்கு வெயில் படாமல் படிக்கட்டுக் கூண்டின் நிழலுக்கு நகர்த்தினேன். மணியின் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினேன்.

தண்ணீருக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. நவீன் அறையின் ஏசியிலிருந்து ஒரு குழாய் வழியாக நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உப்பில்லாத தண்ணீர். அடியில் வாளி வைத்தேன். ரமணியிடம் மட்டும் ஜாக்கிரதையாகப் பேசினேன். இந்த மரம் சைவம் என்று சொன்னேன். அவளுக்கு அது உடனே புரிந்தது. அதற்குப் பிறகு மீன் தண்ணீர் வரவில்லை.

நவீன் காலையில் வாளியைத் தூக்கிக் கொடுப்பான். நான் கோப்பையால் மொண்டு ஊற்றுவேன். பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். அவன் சின்னவனாக இருந்தபோது நடந்ததையெல்லாம் பேசினோம். கொஞ்ச நாளில் கணுக்களில் நெல்மணி அளவு சிவப்பு மொட்டுகள் முட்டிக்கொண்டு வந்தன. அன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான்.

சரியான நேரம் என்று நினைத்து அப்போதே கேட்டேன். என்னோடு வருகிறாயா என்று.

"வர்றேம்மா. ஜூன்ல வர்றேன்" என்றான்.

கீழே ஓடி, கணவருக்குப் போன் போட்டு, அங்கே ராத்திரி தூங்கும் நேரம் என்பதையும் மறந்து, பையன் வருகிறான் என்று கத்தினேன். ரமணியை அனுப்பி லட்டு வாங்கி, சந்து முழுக்கக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் மரம் துளிர்த்துவிட்டது என்றேன். அவர்கள் கனடாக்காரிக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

4

சாப்பாட்டு நேரத்தில் நவீன் மெதுவாகக் கேட்டான். "அம்மா, உங்க பழைய இந்தியப் பாஸ்போர்ட் பத்திரமா இருக்குல்ல?"

எதற்கு என்றேன். அவன் விளக்கமாகச் சொன்னான். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்தியர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்திய அரசு ஓசிஐ அட்டை என்று ஒன்று கொடுக்கிறது. அது இருந்தால் விசா இல்லாமல் காலம் முழுக்க இங்கே இருக்கலாம். அவன் வந்திருப்பது சுற்றுலா விசாவில். அதை வைத்துக்கொண்டு இங்கிருந்து அந்த அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாதாம். வான்கூவருக்கு வந்துதான் கொடுக்க வேண்டுமாம். அப்பா அல்லது அம்மா ஒரு காலத்தில் இந்தியர் என்று காட்ட அந்தப் பழைய பாஸ்போர்ட் வேண்டும். அதற்காகத்தான் ஜூனில் வருகிறான். அட்டை கைக்கு வந்ததும் மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவிடுவான்.

லட்டு கொடுத்த கை அப்படியே தட்டில் கிடந்தது. அவன் வீட்டுக்கு வருவது என்னைவிட்டு முழுதாகப் போவதற்காக.

அந்த அட்டையை நானும் என் கணவரும் வாங்கியதில்லை. அலைய வேண்டும், படம் அளவு சரியில்லை என்பார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டே வந்தோம். நான் பிறந்த ஊருக்கு ஒவ்வொரு தடவையும் விசா வாங்கித்தான் வருகிறேன். "வருகையின் நோக்கம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு தடவையும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதெல்லாம் இருக்கட்டும். எனக்குத் தேவையில்லாத அட்டை என் பிள்ளைக்கு எதற்கு என்று ஆத்திரம் வந்தது.

பாஸ்போர்ட் எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை, வீடு மாறும்போது தொலைந்திருக்கலாம் என்றேன். நன்றாகத் தேடிப் பாருங்கள் என்றான். அப்பாவுடையது எப்போதோ மழையில் நனைந்து கெட்டுப் போனது அவனுக்குத் தெரியும். என்னுடையதுதான் அவனுக்கு ஒரே வழி. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

5

ரமணியின் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பாலக்காடு போக வேண்டியிருந்தது. அவளோடு நானும் போனேன். கிளம்பும்போது மணி மரத்தைப் பார்த்துவிட்டு, இனி பயமில்லைதானே என்று கேட்டான். எனக்கு இருந்த எரிச்சலில், நவீன் காதில் விழட்டும் என்றே சொன்னேன்.

"என்ன துளிர்த்தாலும் இது இங்க நிக்காது மணி. வருஷத்துல மூணு மாசம் இதுக்குக் குளிர் வேணும். குளிர்ல கிடந்து தூங்கி எந்திரிச்சாத்தான் உயிர். இங்க அதுக்கு எங்க போறது?"

அது பொய்யில்லை, அந்த மரத்தின் சுபாவம் அதுதான். ஆனால் நான் மரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நவீன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து மாடி ஏறினால், வேட்டிப் பந்தல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டியைக் காணவில்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறிக் கத்தினேன். மணி கீழேயிருந்து பூரிப்போடு ஏறி வந்தான்.

"அக்கா, நீ பேடிக்காத, பயம் ஒண்ணும் வேண்டாம். தோப்பும்படியில நம்ம ஷம்சு இருக்கான்ல, ஐஸ் பிளான்டுல. அவன்கிட்ட சொல்லி உள்ள வெச்சிருக்கு. மூணு மாசம் என்ன, ஆறு மாசம் கெடக்கட்டும். நல்ல தணுப்பு, ஜில்லுனு இருக்கும்."

நான் குத்திக் காட்டச் சொன்ன பேச்சு. அதை இவர்கள் டாக்டர் சீட்டு போல வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடலோரத்து ஊர். இங்கே எது கெட்டுப் போகும் என்று தெரிந்தாலும் அடுத்த யோசனை ஐஸ்தான். மணியும் நவீனும் சரக்கு ஏற்றுகிற பெட்டி ஆட்டோ பிடித்து, தொட்டியைச் சாக்கில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். 

அப்போதே மணியோடு ஓடினேன். துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பிளான்ட். மீன் லாரிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து உள்ளே போனோம். ஐஸ் கட்டிகள் அடுக்கிய அறையின் மூலையில் என் மேப்பிள் நின்றது. வெறும் குளிரில் வைத்திருந்தால்கூட ஒருவேளை தாங்கியிருக்கும். தொட்டியை ஒரு பெரிய மீன் பெட்டிக்குள் இறக்கி, மண் மேலும் தண்டைச் சுற்றியும் கழுத்துவரை ஐஸ் தூளை அடித்து நிரப்பியிருந்தார்கள். அயிலை மீனைக் கட்டுவது மாதிரி அத்தனை சுத்தமாக, அத்தனை அக்கறையாக. ஐஸுக்குள் அங்கங்கே வெள்ளையாக ஏதோ மின்னியது. எடுத்து நாக்கில் வைத்தேன். கல்லுப்பு.

ஷம்சு என்னை அக்கா என்று கூப்பிட்டுப் பெருமையோடு சொன்னான். "சேச்சீ, உப்பு கொறச்சு கூடுதல் இட்டிட்டுண்டு. தணுப்பு நல்லோணம் கூடும்." உப்பை அதிகமாகப் போட்டிருக்கிறானாம், குளிர் இன்னும் ஏறுவதற்கு.

அவனை நான் என்ன திட்டுவது? கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் அது சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து எனக்குச் சாயா வரவழைத்தான். நான் குடித்தேன்.

6

வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணை மாற்றினோம். வேரை ஏசித் தண்ணீரில் வாளி வாளியாக அலசினோம். நவீன் வேலையை மூடி வைத்துவிட்டு, ஏசியை நாள் முழுக்க ஓடவிட்டு, சொட்டுச் சொட்டாகப் பிடித்துக் கொடுத்தான். உப்பு உள்ளே போய்விட்டது. சிவப்பு மொட்டுகள் கறுத்து உதிர்ந்தன. வாரக் கடைசியில் தண்டை மேலிருந்து கீழ்வரை சுரண்டிப் பார்த்தேன். எங்கேயும் பச்சை இல்லை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். நவீனும் எதிரே உட்கார்ந்தான். பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு வெற்றியாகவும் இருந்தது. ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"நான் சொன்னேன்ல நவீன். இதுக்கு இந்த ஊரு ஒத்துக்காது. நீயும் வீட்டு ஞாபகத்துலதானே இதை வாங்கிக் கட்டிக்கிட்டு அழற. வா, போயிரலாம். அங்க நம்ம வாசல்ல எப்படி நிக்குது."

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"எனக்கு ஞாபகமெல்லாம் இல்லம்மா. மேப்பிள்னாலே எனக்கு எலை வாருற வேலைதான் ஞாபகம் வரும்."

"பின்ன எதுக்குடா வாங்கின?"

"உங்களுக்குத்தான். நீங்க ரிட்டயர் ஆகி இங்க வந்து என்கூட இருந்தா, உங்க ஊரு ஞாபகம் வருமே. பாக்க ஒண்ணு இருக்கட்டும்னு வாங்கினேன்."

உங்க ஊரு. அவன் குத்திக் காட்டவில்லை. கிண்டலும் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

நான் ஆடிப்போனேன். கால் நூற்றாண்டாக பர்னபியில் பார்க்கிற ஆளிடமெல்லாம் என் ஊர் மட்டாஞ்சேரி என்று சொல்லி வந்திருக்கிறேன். பொங்கலுக்குச் சொல்லியிருக்கிறேன், பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருக்கிறேன், இந்தப் பத்திகளில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதை அதிகம் கேட்டு வளர்ந்தவன் இவன். இவன் பார்த்தது வேறு. பனியில் மரத்தின் அடியைச் சாக்கால் சுற்றுகிற அம்மா, இலையுதிர் காலத்தில் வாசலில் நின்று சிவப்பை வேடிக்கை பார்க்கிற அம்மா, மட்டாஞ்சேரிக்கு வந்தால் ஒரு வாரத்தில் திரும்பும் நாளை எண்ண ஆரம்பிக்கிற அம்மா. நான் இந்த ஊரில் தவித்துப் போவேன் என்று என் பிள்ளை கவலைப்பட்டிருக்கிறான். மூன்று மாதமாக மாடியில் அவன் காப்பாற்றப் பார்த்தது என்னுடைய ஏக்கத்தை. அதன் மேல் என் பேச்சால் நான் உப்பைக் கொட்டிவிட்டேன்.

கீழே ரமணி மீன்காரனிடம் பேரம் பேசும் சத்தம் கேட்டது. பிறகு நான் சொன்னேன், பாஸ்போர்ட் தொலையவில்லை, பர்னபி வீட்டுச் சமையலறையில் மேல்தட்டில், மஞ்சள் மூடி போட்ட டப்பாவுக்குள் நெகிழிப் பையில் இருக்கிறது என்று. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை முழுக்கத் தொட்டி மண்.

"தேங்க்ஸ்ம்மா. அப்ப உங்களுக்கும் சேத்து அப்ளை பண்ணிரட்டா? அட்டை இருந்தா நீங்களும் இங்கயே வந்துரலாம்ல."

சொந்த ஊர். விசா வேண்டாம், நோக்கம் எழுத வேண்டாம், காலம் முழுக்க இருக்கலாம். பிள்ளை கூப்பிடுகிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தேன், வரவில்லை. என்னையே எனக்கு நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.